சிட்காம்: ‘நிலைக்கள நகைச்சுவை’ என்ற சொல் குறித்து

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

‘சிச்சுவேஷன் காமெடி’ என்பதன் சுருக்கமான சிட்காம் என்ற தொலைக்காட்சித் தொடர் வகைக்குச் ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்று வைத்துக்கொண்டு இழையை முடித்துவிடலாம் என்று இரண்டு மடல்கள் வந்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை ஒரே ஒரு தொடரைக் கொண்டு விளக்கப் பார்க்கிறேன். பிபிசி 1968 ஜூலை 31 முதல் 1977 நவம்பர் 13 வரை ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’ பற்றித் தமிழில் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே இந்தச் சொல் தேவைப்பட்டது, அங்கேயே நின்றுவிட்டேன்.

தொடரைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். 1940 மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பை ஏற்று, முறையான படையில் இல்லாத, 17 முதல் 65 வயதுக்குட்பட்ட ஆண்கள் ஊருக்கு ஊர் திரண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்த அமைப்புக்கு ஹோம் கார்டு என்று பெயர் மாறியது. (ஊர்க்காவல் படை என்ற சொல் நம்மிடம் ஏற்கனவே புழக்கத்தில் இருப்பதால் இதற்காவது மல்லுக்கட்ட வேண்டியதில்லை.) இளம் வயதில் அப்படையில் இருந்தவரான ஜிம்மி பெர்ரியும், அவருடன் டேவிட் கிராஃப்டும் சேர்ந்து, இங்கிலாந்தின் தென்கடற்கரையில் வால்மிங்டன் ஆன் சீ என்றொரு கற்பனை ஊரைப் படைத்து, அவ்வூர்ப் படைப்பிரிவை 80 பகுதிகளில் உலவவிட்டார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழில் சூழ்நிலை என்றால் வந்து போவது. அரசியல் சூழ்நிலை மாறும். வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று விடுப்புக் கேட்போம். ‘அவர் சூழ்நிலைக் கைதி’ என்று சொல்வதும், அந்தச் சூழ்நிலை விலகினால் ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வார் என்ற பொருளில்தான். டாட்ஸ் ஆர்மியிலும் இவ்வகைச் சூழ்நிலை வாரத்துக்கு ஒன்றாக வருகிறது. ஒரு வாரம் கட்டறுத்துப் போன தடுப்புப் பலூனைத் துரத்துகிறார்கள். இன்னொரு வாரம் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும் அறையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். சிட்காம் என்ற பெயரில் உள்ள ‘சிட்’ இவற்றைக் குறிப்பதில்லை. வாரந்தோறும் இவை மாறினாலும் மாறாமல் கிடக்கும் அடித்தளத்தையே அது குறிக்கிறது.

அந்த அடித்தளம் என்ன என்று பாருங்கள். வங்கியின் கிளை மேலாளர் மெயின்வாரிங் படைப்பிரிவின் கேப்டன். அவருக்குக் கீழே தலைமை எழுத்தராக இருக்கும் வில்சன் சார்ஜென்ட். கடைநிலை எழுத்தர் பையன் பைக் சாதாரணச் சிப்பாய். வங்கியின் படிநிலை அப்படியே சீருடை மாட்டிக்கொண்டு மாலையில் தேவாலயக் கூடத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் பிறப்பால் மேட்டுக்குடி வில்சன்தான். மேலாளரோ உழைத்து மேலே வந்த நடுத்தர வர்க்கத்துக்காரர். வில்சன் மென்மையான குரலில் ‘அது உசிதமென்று நினைக்கிறீர்களா, ஐயா?’ என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் கேப்டனின் முகத்தில் ஓடும் எரிச்சலுக்கு அன்றைய சூழ்நிலை காரணமன்று. அது பல ஆண்டுக் கணக்கு.

இதற்கு நேரடிச் சான்றாக 1970-இல் வந்த ஒரு பகுதியைச் சொல்லலாம். வில்சனுக்கு ஈஸ்ட்கேட் கிளையில் மேலாளர் பதவியும், அவ்வூர்ப் படைப்பிரிவில் அதிகாரிப் பதவியும் ஒருசேரக் கிடைக்கின்றன. இனி இருவரும் சமம். அப்படியே விட்டிருந்தால் தொடர் அந்த வாரத்தோடு முடிந்திருக்கும். எனவே ஜெர்மானியக் குண்டு ஒன்று ஈஸ்ட்கேட் கிளையைத் தரைமட்டமாக்குகிறது. வில்சன் பழைய நாற்காலிக்கும் பழைய பட்டைக்கும் திரும்பி வருகிறார். சூழ்நிலை எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம், அடித்தளம் மட்டும் அசையக் கூடாது என்பதற்காக எழுத்தாளர்கள் ஒரு வங்கியையே பலிகொடுத்திருக்கிறார்கள்.

இதற்குத்தான் ‘நிலைக்களம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இது நான் உருவாக்கியதன்று. உவமை எவற்றின் அடியாகப் பிறக்கிறது என்று கூறவரும் தொல்காப்பியம், ‘சிறப்பே நலனே காதல் வலியொடு அந்நாற் பண்பும் நிலைக்களம் என்ப’ என்கிறது. ஒன்று பிறப்பதற்கு இடமாய் நிலைத்திருப்பது நிலைக்களம். சிட்காமில் நகை பிறக்கும் இடமும் அதுவே.

அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்வதும் இங்கே வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. பைக்கிடம் இளமையும் பேதைமையும் இருக்கின்றன. சவப்பெட்டி செய்யும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபிரேசரின் வாயில் எள்ளல். மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று விளக்கம் தருவார்கள். கசாப்புக்கடைக்காரர் கார்ப்பரல் ஜோன்ஸ் அப்படியே அதுதான்: இளமையில் சூடானில் கற்ற துப்பாக்கிமுனைக் கத்திச் சண்டையே எந்தச் சிக்கலுக்கும் தீர்வு என்று நம்புகிறவர். அணிவகுப்பில் எல்லோரும் விறைப்பாக நின்ற பிறகு, ஒரு கணம் தாமதித்து அவருடைய கால் மட்டும் தரையில் இடிக்கும். இந்த முதியவராக நடித்த கிளைவ் டன்னுக்குத் தொடர் தொடங்கியபோது வயது 48 என்பது கொசுறுச் செய்தி.

சூழ்நிலையும் நிலைக்களமும் ஒரே நொடியில் சந்திக்கும் இடம் 1973-இல் வந்த நீர்மூழ்கிக் கப்பல் பகுதி. பிடிபட்ட ஜெர்மானியக் கப்பல் தலைவன், தன்னை அவமதிப்பவர்களின் பெயர்களைப் பட்டியலில் குறித்துக்கொள்கிறான். போர் முடிந்ததும் கணக்குத் தீர்ப்பானாம். ஹிட்லரைக் கேலிசெய்து பாடிய பையனிடம், ‘உன் பெயரும் இதில் ஏறும், என்ன பெயர்?’ என்று கேட்கிறான். கேப்டன் முந்திக்கொண்டு, ‘அவனிடம் சொல்லாதே, பைக்!’ என்கிறார். கைதிகள் வந்தது அந்த வாரச் சூழ்நிலை. ஆனால் பையனைக் காக்கும் பொறுப்பும் யோசிக்காமல் கட்டளையிடும் அவசரமும் ஒன்றாய்க் கூடிய அந்த மேலாளரை நமக்கு ஐந்து ஆண்டுகளாகத் தெரியும் என்பதால்தான் சிரிப்பு வெடிக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்று, ‘நகைச்சுவைத் தொடர்’ என்றாலே போதாதா என்பது. போதாது. 1969-இல் அதே பிபிசியில் தொடங்கிய மான்டி பைத்தானும் நகைச்சுவைத் தொடர்தான். நிலையான ஊரோ ஆட்களோ இல்லாத அதை யாரும் சிட்காம் என்பதில்லை. இன்னொன்று, சொல் நீளம் என்பது. ‘களநகை’ என்று சுருக்கலாம் என ஒரு நண்பர் எழுதியிருந்தார். களம் என்றவுடன் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. எதிரி கடைசிவரை படையெடுத்து வராத இந்தத் தொடருக்கே அது தவறான பொருளைத் தந்துவிடும். ‘நிலைநகை’ என்றால் நகைக்கடை விளம்பரம். ஆகவே கட்டுரைகளில் நிலைக்கள நகைச்சுவை என்று முழுதாக எழுதுவோம். இடம் இல்லாத தலைப்புகளில் சிட்காம் என்றே இருக்கட்டும், குடிமூழ்கிப் போய்விடாது.

பண்டிதச் சொல் என்ற குறையை மட்டும் முழுதாக மறுக்க என்னால் இயலவில்லை. என் கட்டுரையின் முதல் வாக்கியத்தைக் கீழே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே நாக்கு இடறுகிறது என்று எழுதுங்கள்:

‘டாட்ஸ் ஆர்மி, இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தின் ஊர்க்காவல் படையினரைப் பற்றிய, பிபிசியில் 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பான நிலைக்கள நகைச்சுவைத் தொடர்.’

அன்புடன்.