வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களிடையே கணக்கெடுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பல்லடம் சாலை ஆசிரியை)

வணக்கம். திருப்பூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். கல்லூரிக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த சுமார் 40 குடும்பங்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு எந்த உதவி தேவை என்று அறிய, மாணவிகள் 62 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தயாரித்தார்கள். கம்பெனி ஆட்களுக்குப் பழக்கமான ஒரு கான்ட்ராக்டரை உடன் அழைத்துக்கொண்டு கடந்த ஞாயிற்றுக்கிழமை சென்றோம். மூன்றாவது வீட்டைத் தாண்ட முடியவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. இடுப்பில் தங்கையைத் தூக்கி வைத்திருந்த 9 வயதுச் சிறுவன் ஒருவன்தான் எங்களுக்காக மொழிபெயர்த்தான். மளிகைக் கடைக்குப் போய்வந்தே தமிழ் கற்றுக்கொண்டானாம், பள்ளிக்குப் போகவில்லை. "இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால் எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று அம்மா கேட்கிறாங்க" என்று அவன் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆய்வு அவர்களுக்கே பயன்பட வேண்டுமானால் யாருடன் சேர்ந்து, எப்படிச் செய்ய வேண்டும்?

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவிநாசி)

அம்மா, கணக்கெடுப்பு காத்திருக்கலாம், அந்தச் சிறுவன் காத்திருக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 இன்படி, வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். தமிழ் எழுதத் தெரியாது என்பதற்காக 9 வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால், சிறு பிள்ளைகளுக்கு நடுவே கூச்சப்பட்டு இரண்டே வாரத்தில் நின்றுவிடுவான். என் பணிக்காலத்தில் அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 முதல் காலை உணவு கிடைப்பதையும் தாயிடம் சொல்லுங்கள். விடிந்தவுடன் சமைத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு அது பெரிய உதவி. தங்கையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் கேளுங்கள். பையன் வீட்டில் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அங்கன்வாடி அருகில் இருந்தால் இரண்டு பிள்ளைகளின் சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

பதில் 2 (கிராம சுகாதார செவிலியர்)

என் பகுதியிலும் இதே நிலைமைதான் இருந்தது. வார நாளில் காலை 11 மணிக்குத் தடுப்பூசிக்காகச் சென்றால் எல்லா வீடுகளும் பூட்டியிருக்கும். "ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வந்துவிடுவோம். ஞாயிறு காலைக்கு மாற்றிய பிறகுதான் தாய்மார்களைப் பார்க்கவே முடிந்தது. பிரசவத்துக்குச் சொந்த ஊர் சென்று திரும்பும் பெண்கள், அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டையைத் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதை வாங்கிப் படித்துப் பார்க்காமல் "ஊசி போடவில்லை" என்று முடிவு கட்டியது எங்கள் தவறு. உங்கள் மாணவிகளில் இந்தி படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அனுப்பிவையுங்கள். அந்த அட்டைகளைப் படித்துச் சொல்வதுதான் எங்களுக்கு முதலில் வேண்டிய ஆய்வு.

பதில் 3 (ஒடிசாவிலிருந்து வந்தவன், 14 ஆண்டுகளாகத் திருப்பூரில்)

வணக்கம் மேடம். கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கான்ட்ராக்டர் பக்கத்தில் நிற்கும்போது சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தவர், வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவரும் பெரும்பாலும் அவரே. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது எங்கள் லைனில் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அந்தப் பயம் முழுவதும் போய்விடவில்லை. புதியவர் ஒருவர் பெயரை எழுதத் தொடங்கினால் அதுதான் நினைவுக்கு வரும். தெருவில் "வடக்கன்" என்று கூப்பிடுவதையும் நாங்கள் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறோம்.

முதல் முறை படிவம் இல்லாமல் வாருங்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை துணி துவைப்பதும் சந்தைக்குப் போவதுமாகப் போய்விடும். மாலை 4 மணிக்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம். எங்கள் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு. ஒன்று, ஊரில் உள்ள ரேஷன் கார்டுக்கு இங்கே அரிசி வாங்கலாமா என்பது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் வந்துவிட்டது. ஊரில் மனைவி ஒரு பங்கும் இங்கே கணவன் ஒரு பங்கும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றியது. அதற்காகச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், ஆனால் தன்னுடைய எண் என்ன என்று கேட்டால் தெரியாது. இந்த இரண்டுக்கும் பதிலோடு வந்தால் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள்.

பதில் 4 (புலப்பெயர்வு ஆய்வாளர்)

மேலே அந்த நண்பர் எழுதியதே உங்கள் ஆய்வுத் திட்டம் என்பேன். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017 இல் தொடங்கிய "ரோஷ்னி" திட்டத்தைப் பாருங்கள்: புலம்பெயர் குழந்தைகளின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்கள் வகுப்பில் துணை நின்று, அவர்களை மெல்ல மெல்ல மலையாளத்துக்கு அழைத்து வந்தார்கள். அதே மாவட்டத்தில் "பந்து" என்னும் நடமாடும் மருத்துவமனை தொழிலாளர்கள் தங்கும் இடங்களுக்கே செல்கிறது.

உங்கள் 62 கேள்விகளில் ஆதார் எண், கடன் தொகை, சாதி ஆகியவை இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்களால் பாதுகாக்க முடியாத தகவலை வாங்காமல் இருப்பதே நல்லது. அந்த லைனிலிருந்தே இரண்டு பெண்களையும் இரண்டு ஆண்களையும் ஆய்வுக் குழுவில் சேர்த்து, அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். சிறுவனை இனி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் உடல்நிலையையும் குடும்பக் கடனையும் பிள்ளையின் வாயால் கேட்பது இருவருக்குமே பாரம். கிடைத்த முடிவுகளை, எந்தத் துறைக்கும் அனுப்புவதற்கு முன், ஒடியாவிலும் இந்தியிலும் அவர்களுக்கே வாய்மொழியாகச் சொல்லி, "இதை வெளியே சொல்லலாமா" என்று கேளுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கான்ட்ராக்டரை அழைத்துச் சென்றது என் முடிவு. நல்லது என்று நினைத்தே செய்தேன். படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தாயையும் சிறுவனையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்கிறோம். ஒடிசா நண்பரே, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு நீங்களும் எங்களுடன் வர இயலுமா? ரேஷன், இ.எஸ்.ஐ. இரண்டையும் உங்கள் மொழியில் நீங்களே விளக்குங்கள். நாங்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொள்கிறோம்.