குடும்பக் குழு: உல்ம் நகரத்துக் கோயில்

பெரியண்ணா (யேர்மனி): அம்மா, நேற்று பிள்ளைகளோடு உல்ம் நகரத்துக்குப் போனோம். டானூப் ஆற்றங்கரையில் பழைய நகரம், நடுவில் இந்தக் கிறிஸ்தவக் கோயில். படங்கள் போட்டிருக்கிறேன், பாருங்கள். கோபுரம் 161.53 மீற்றர்.

சின்னம்மா: ஐயோ கடவுளே, அண்ணாந்து பார்க்கக் கழுத்து நோகுமே! ஏறலாமா தம்பி?

பெரியண்ணா: ஓம் சின்னம்மா, மொத்தம் 768 படி. 1890 இல் இருந்து உலகத்தின் மிக உயரமான கிறிஸ்தவக் கோயில் இதுவாகத்தான் இருந்தது. 2025 ஒக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா கோயில் தாண்டிவிட்டது.

அம்மா: வடிவாக இருக்கிறது மகன். அங்கே ஆயர் இருக்கிறாரா?

பெரியண்ணா: இல்லை அம்மா. யாழ்ப்பாணத்து மரியன்னை பேராலயம் ஆயருடைய கோயில். இது பங்குக் கோயில்தான். ஊர்ச்சனம் தங்கள் காசில் தொடங்கியது. அப்போது ஊரில் ஏறக்குறைய 10,000 பேர். கோயிலில் 20,000 பேர் நிற்கலாமாம்!

தம்பி: அவ்வளவு பெரிதாக ஏன் அண்ணா?

பெரியண்ணா: அதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். அவர்களுடைய பழைய பங்குக் கோயில் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. 1376 இல் பேரரசர் நான்காம் கார்ல் நகரை முற்றுகையிட்டார். மதில் வாசலை அடைத்தால் பூசைக்குப் போக வழியில்லை. இனி எந்தச் சண்டை வந்தாலும் கோயில் எங்களோடு உள்ளே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அடுத்த வருடமே, 1377 யூன் 30 இல் அடிக்கல் வைத்தார்கள். பழைய கோயிலைப் பிரித்து, அதன் வாசற் சிற்பங்களைக் கொண்டுவந்து புதியதில் பதித்தார்கள். அந்த வாசலில் கனநேரம் நின்றேன். எங்கட ஊர்தான் நினைவுக்கு வந்தது.

அம்மா: எங்களுக்கு மறுவளம் மகன். 1990 யூனில் சண்டையால் வெளிக்கிட்டபோது கோயில் இராணுவ வேலிக்கு உள்ளே, நாங்கள் வெளியே. திருநாள் வந்தால் அடுத்த ஊர்க் கோயிலில் பின்வாங்கில் இருந்து செபித்தோம். அப்பா கடைசிவரை எங்கட கோயிலுக்குள் காலடி வைக்கவில்லை.

சின்னம்மா: 2017 இல் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோதும் சனம் வீட்டுக்கு முதல் கோயிலைத்தானே தேடிப் போனது.

அக்கா: அண்ணா, கொதிக் (Gothic) என்ற பழைய ஐரோப்பியப் பாணிக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்டுகிறேன். உள்ளே எப்படி இருக்கிறது?

பெரியண்ணா: மேலே கூர் வளைவுகள். மேற்பாரம் வளைவு வழியே தூணுக்கும் வெளியே உள்ள முட்டுத்தூணுக்கும் இறங்குகிறது. அதனால் சுவரை மெலிதாக்கி யன்னலைப் பெரிதாக வைக்க முடிந்திருக்கிறது. ஆனால் கோபுரத்தின் பாரம் ஒருகட்டத்தில் தாங்கவில்லை. 1490களில் வெடிப்பு விட்டுக் கல் விழுந்தது. எங்கல்பெர்க் என்ற கொத்தனார் வந்து அத்திவாரத்தைப் பலப்படுத்தி, பக்க மண்டபங்களுக்கு நடுவில் புதுத் தூண் வரிசை போட்டார். அந்தத் தூண்கள் மிக மெலிது, எனக்குக் கோபுரத்தை விட அவைதான் பிடித்தன. பேந்து 1543 இல் வேலை நின்றுபோய், 300 வருடம் அரைக் கோபுரத்தோடு இருந்து, 1844 இல் திரும்பத் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டில் கீறி வைத்த படத்தைப் பார்த்துத்தான் மிச்சத்தை முடித்தார்கள்.

அம்மா: மாதா சுரூபம் ஒரு படத்திலும் காணவில்லையே?

பெரியண்ணா: 1530 இல் ஊரார் வாக்களித்துப் புரட்டஸ்தாந்து பக்கம் போனார்கள் அம்மா. அடுத்த வருடம் பீடங்களையும் சுரூபங்களையும் அகற்றினார்கள். ஆனால் 1429 இல் முல்ச்சர் என்ற சிற்பி செதுக்கிய பாடுபட்ட இயேசு தப்பியது. சிர்லின் செய்த மர இருக்கைகளும் தப்பின. அதில் சிசரோ, பித்தகோரஸ் போன்ற பழைய ரோம, கிரேக்க அறிஞர்களின் முகங்கள்கூட இருக்கின்றன.

தம்பி: உலக யுத்தத்தில் குண்டு விழவில்லையா?

பெரியண்ணா: 1944 டிசம்பர் 17 இரவு பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. கோயில் பெரிய சேதமில்லாமல் நின்றது.

சின்னம்மா: நவாலியில் 1995 யூலை 9 இல் கோயிலடிதான் பாதுகாப்பு என்று போன சனத்தின் மேல் குண்டு விழுந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறும்.

அம்மா: ஓம் தங்கச்சி. ஒவ்வொரு யூலையும் செபிக்கிறேன்.

தம்பி: அண்ணா, இந்த ஞாயிறு பூசை முடிய எங்கட கோயில் கட்டடக் கூட்டம் இருக்கிறது. பழைய கோயிலின் இடிந்த சுவர்க் கல்லைப் பள்ளம் நிரப்பப் போடலாம் என்று கதைக்கிறார்கள். வேண்டாம், புது வாசலில் பதிப்போம் என்று சொல்லப் போகிறேன்.

அக்கா: நானும் வருகிறேன். தனிய நீ கதைத்தால் எடுபடாது.

அம்மா: பழைய வாசல் வளைவுக் கல் வேப்பமரத்தடியில் கிடக்கிறது, முதலில் அதை ஓரிடத்தில் எடுத்து வைக்கச் சொல்லு.

தம்பி: சரி அம்மா. அண்ணா, அந்தப் பழைய வாசற் சிற்பப் படத்தைத் தெளிவாக அனுப்புங்கள். பெரிதாக அச்சடித்துக் கொண்டு போக வேண்டும்.

பெரியண்ணா: இன்றிரவே அனுப்புகிறேன். மூன்று படம் இருக்கிறது.