தூய்மைப் பணியாளர் அக்காவின் முதல் தொகுப்பு: எத்தனை பிரதி, யார் காசு?

சேலத்துக் காகிதம் கேட்டது:

வணக்கம் தோழர்களே. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கவிதைக்கு மட்டும் ஒரு சின்னப் பதிப்பகம் தொடங்கலாம் என்று இருக்கிறோம். மூவருமே வேலைக்குப் போகிறவர்கள், ஒருவருக்கும் பதிப்புத் தொழில் தெரியாது. மாதாமாதம் போட்டுவைத்ததில் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. இரண்டு தொகுப்பு தயார். ஒன்று ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் ஒரு அக்கா எழுதியது. எழுதியது என்று சொன்னாலும் பாதிக் கவிதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதுதான், விடியற்காலையில் மஸ்டர் (வருகைப் பதிவு) போடப் போகிற வழியில், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். இன்னொன்று ஒரு திருநங்கைத் தோழியுடையது. இருவரும் வேறு இடங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் பதிலே இல்லை, இன்னோரிடத்தில் 300 பிரதியை நீங்களே வாங்கிக்கொண்டால் போடலாம் என்றார்கள்.

1000 பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார் ஒரு நண்பர். கவிஞர்களிடமும் கொஞ்சம் பணம் வாங்கிக்கொள், எல்லோரும் செய்வதுதான் என்கிறார் இன்னொருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காசு தீர்ந்துவிட்டால் மூன்றாவது புத்தகத்துக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃபாரம்16 எழுதியது:

18 வருடமாக லே-அவுட் வேலை பார்க்கிறேன். 1000 வேண்டவே வேண்டாம். ஆஃப்செட்டில் அவ்வளவு போட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும், அது உண்மை. ஆனால் முதல் தொகுப்பு 1000 பிரதி விற்க வருடக்கணக்கில் ஆகும், அதுவரை கட்டுக்கட்டாக வீட்டில் கிடக்கும், மழைக்காலத்தில் ஓரம் பழுத்துவிடும். பிஓடியில் (வேண்டிய அளவு மட்டும் அடிக்கும் டிஜிட்டல் அச்சு) ஆளுக்கு 200 போடுங்கள், தீர்ந்தால் மறுபடி 100. பின்னால் ஆஃப்செட்டுக்குப் போனால் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் தொகுதி) என்பது 16 பக்கம். அதனால் 80 பக்கம் என்றால் சரியாக 5 ஃபாரம், 83 பக்கம் என்றால் வெற்றுத்தாளுக்குக் காசு கொடுப்பீர்கள். ஒரு கவிதையைக் கூட்டியோ குறைத்தோ அதற்குள் அடக்கப் பாருங்கள்.

அப்புறம் எழுத்துரு. போனில் தட்டச்சு செய்தது யூனிகோட், நிறைய டிடிபி மையங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கம் போய்விடும், வரி உடைவது மாறிவிடும். உரைநடையில் அதைப் படிக்கிறவர் பொறுத்துக்கொள்வார், கவிதையில் வரி உடைந்தால் கவிதையே உடைந்ததுதான். நீளமான வரி பக்க அகலத்தில் மடங்கினால் மடங்கிய துண்டை உள்தள்ளிப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது புது வரி மாதிரி நிற்கும்.

கொல்லைக்கிணறு எழுதியது:

தங்கச்சி, காசு விஷயத்தில் உன் மனசு சொல்வதுதான் சரி. என் முதல் தொகுப்பு 2017இல் வந்தது. சீட்டு எடுத்து 25,000 கொடுத்தேன். போட்டவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) என் கைக்கு வரவே இல்லை. புத்தகம் வந்த அன்று பிரித்துப் பார்க்கிறேன், "எங்க ஆயா சோத்துக்கு அலஞ்ச மாரி" என்று நான் எழுதியது "எங்கள் பாட்டி சோற்றுக்கு அலைந்ததைப் போல" என்று இருக்கிறது. பிழை திருத்தினார்களாம். ஆயா என்ற சொல் போனதும் அந்தக் கவிதையிலிருந்து என் ஆயா எழுந்து போய்விட்டாள். யாரோ ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

பின்னட்டையில் "சேரியிலிருந்து ஒரு குரல்" என்று போட்டிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எங்கிருந்து வருகிறேன் என்பதை மறைக்கிறவள் இல்லை, கவிதையிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் இருந்த 62 கவிதையில் 11 காதல் கவிதை, ஒன்று கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டது பற்றி. அதையெல்லாம் யாரும் பேசவே இல்லை. முன்னுரை எழுதிய பெரிய மனிதர் கவித்துவம் கைகூடாவிட்டாலும் வலி உண்மையானது என்று எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு இரண்டு வருடம் எழுதவில்லை.

அதனால் கேட்கிறேன், அந்த அக்காவைக் குரல் என்று போடாதீர்கள். கவிஞர் என்று போடுங்கள். எடிட்டிங் செய்யுங்கள், கண்டிப்பாகச் செய்யுங்கள், இவர் பாவம் என்று விட்டுவிடுவதும் அவமரியாதைதான். இந்த வரி தேவையா, இந்த முடிவு முன்னாடியே வந்துவிட்டதா என்று உட்கார்ந்து சண்டை போடுங்கள். பேச்சுமொழியை மட்டும் தொடாதீர்கள்.

மூட்டைக்காரர் எழுதியது:

ஆறு வருடமாக இதே மாதிரி ஒன்றை நடத்துகிறேன். மேலே கொல்லைக்கிணறு அக்கா சொன்னதற்கு ஒரு வரிகூட மறுப்பு இல்லை. என் பங்குக்குத் தொழில் விஷயம் கொஞ்சம்.

முதலில் ஒப்பந்தம், எளிய தமிழில் இரண்டு பக்கம் போதும். பதிப்புரிமை கவிஞருக்கு, நூலை வெளியிடும் உரிமை உங்களுக்கு 3 ஆண்டு, ராயல்டி (விற்பனையில் கவிஞரின் பங்கு) இத்தனை சதவீதம், கணக்கு எந்த மாதம் கொடுப்பீர்கள், இவ்வளவுதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் எல்லோருக்கும் 10 சதவீதம் கொடுக்கிறேன், ஏப்ரலில். ஒரு வருடம் ஒரு கவிஞருக்கு 640 ரூபாய்தான் வந்தது. ஜிபேயில் போட்டுவிடாமல் கணக்குத் தாளோடு கவரில் வைத்து நேரில் கொடுத்தேன், அந்தத் தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு நூலுக்கும் உள்ள சர்வதேச அடையாள எண்) இந்தியாவில் இலவசம், அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. நூல்களை நூலகங்களுக்கு அனுப்புவது பற்றிய 1954 சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பல சின்னப் பதிப்பகங்கள் இதை விட்டுவிடுகின்றன. விடாதீர்கள். கன்னிமாரா 1896இல் திறந்த நூலகம், நாமெல்லாம் போன பிறகும் அந்த அக்காவின் புத்தகம் அங்கே இருக்க வேண்டும்.

விற்பனைதான் உண்மையான பாடு. கடைகள் விலையில் 35, 40 சதவீதம் தள்ளுபடி கேட்கும், பணம் வர மாதங்கள் ஆகும். நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்குவது) கிடைத்தால் சந்தோஷம், அதை நம்பி அச்சடிக்காதீர்கள். சென்னை நந்தனத்திலோ ஈரோட்டிலோ புத்தகக் கண்காட்சியில் தனி அரங்கு எடுக்கும் வசதி நமக்குக் கிடையாது, தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் ஒரு ஓரம் கேளுங்கள், தருகிறார்கள். தபாலில் பழைய பதிவு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றபோது நாங்கள் திணறிப்போனோம். 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்ற நூல் தபால் சேவை இருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. உங்கள் 80 பக்கப் புத்தகம் இரண்டு சேர்த்துக் கட்டினாலும் அதற்குள் வரும். புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள், கவனம்.

மற்றபடி மூட்டை கட்டிக்கொண்டு நேரில் போவதுதான். 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா கல்லூரி கல்லூரியாகப் புத்தகம் சுமந்து விற்றவர். கவிஞர் மீரா சிவகங்கையில் இருந்துகொண்டே அன்னம் பதிப்பகம் நடத்தி எத்தனையோ பேரின் கவிதைகளைக் கொண்டுவந்தார். எனக்கு அதிகம் விற்ற இடம் தொழிற்சங்கக் கூட்டமும் மகளிர் தினக் கூட்டமும்தான். 100 ரூபாய்க்கு மேல் விலை வைக்காதீர்கள், அங்கே வருகிறவர்கள் வாங்க முடியாது.

சேலத்துக் காகிதம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 200, 200 என்று முடிவு செய்துவிட்டோம், கவிஞர்களிடம் காசு வாங்கப் போவதில்லை. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. கடைசிக் கவிதையில் அக்கா மேஸ்திரியின் பெயரையும் வார்டு எண்ணையும் அப்படியே எழுதியிருக்கிறார். ஒப்பந்த வேலை, நாளையே வராதே என்று சொல்லிவிடலாம். நாங்கள் எடுத்துவிடலாம் என்கிறோம், அவர் இருக்கட்டும் என்கிறார்.

கொல்லைக்கிணறு எழுதியது:

நீங்களாக எடுக்காதீர்கள். என்னென்ன நடக்கலாம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர் வீட்டில் சம்பளத்தை நம்பி இருப்பவர்களையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பெயரை மட்டும் மாற்றி வார்டை வைக்கலாமா, புனைபெயர் வேண்டுமா, இந்தக் கவிதையை அடுத்த பதிப்பில் சேர்க்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள், பத்து நாள் கொடுங்கள். அதற்குப் பிறகும் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், வேலைக்கு ஏதாவது வந்தால் கூட நிற்க ஒரு வக்கீலையும் சங்கத்தையும் இப்போதே பேசி வையுங்கள்.

மெய்ப்பை 16 பாயிண்ட் எழுத்தில் பெரிதாக எடுத்துக்கொண்டு அவருக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். போனில் பேசி அனுப்பியவர், கண்ணால் பார்த்தால் சில இடம் பிடிபடாது. முதல் கவிதையிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர் நிறுத்து என்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.