அவசரம்: கன்வெர்ட்டரில் வினை பிடிக்கவில்லை, கேட்டலிஸ்ட் போய்விட்டதா?

மூன்றாம்_ஷிப்ட், ஓசூர் (இரவு 11.40)
கந்தக அமில ஆலையில் வேலை செய்கிறேன். நான்கு நாள் நிறுத்தத்துக்குப் பிறகு இன்று மாலை ஓட்டினோம். கந்தகம் எரிந்து வரும் டைஆக்சைடை டிரைஆக்சைடாக மாற்றும் கன்வெர்ட்டரில், அந்த வினையை வேகப்படுத்தும் கேட்டலிஸ்டின் முதல் அடுக்கில் சூடு ஏறவே இல்லை. சிம்னியில் நெடி தாங்கவில்லை, பக்கத்து ஊர்க்காரர்கள் இருமிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள். கேட்டலிஸ்ட் செத்துவிட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார் மேலாளர். உண்மையா?

சூளகிரி_ஃபிட்டர்
தம்பி, முதலில் கந்தகத்தை நிறுத்துங்கள். மற்றது பிறகு. வாயு எத்தனை டிகிரியில் நுழைகிறது, எத்தனையில் வெளியேறுகிறது? வெண்புகையா, வெறும் நெடியா? வெண்புகை என்றால் உறிஞ்சும் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மூக்கை மட்டும் எரித்தால் அது மாறாமல் போகும் கந்தக டைஆக்சைடு.

பர்கூர்க்காரன்
மழைதான் காரணம். காற்றை அமிலத்தால் உலர்த்தும் கோபுரத்தில் அமிலம் நீர்த்திருக்கும், ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். ஐப்பசியில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அமிலத்தின் செறிவைச் சோதியுங்கள்.

கிருஷ்ணகிரி_லேப்
ஆர்சனிக் நச்சு ஏறியிருக்கலாம். கந்தகத்தை எங்கே வாங்குகிறீர்கள்?

முப்பதாண்டு_அனுபவம்
ஆர்சனிக்குக்கு அஞ்சியது பிளாட்டினம். இங்கே இருப்பது வனேடியம் பென்டாக்சைடு. இது தெரியாமல் எதற்குப் பதில் எழுதுகிறீர்கள்? கேட்டவருக்கும் சொல்கிறேன்: வினையூக்கி வினையில் தீராது என்பது பள்ளிப் பாடம். அடிப்படை தெரியாதவர்கள் கையில் ஆலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கேட்டலிஸ்ட் என்று எழுதுவதையும் விடுங்கள், தமிழில் சொல் இருக்கிறது.

தருமபுரி_வேதியியல்
ஐயா, ஷிப்ட் பதிவேட்டில் கேட்டலிஸ்ட் என்றுதான் எழுதுகிறார்கள். நள்ளிரவில் உதவி கேட்பவரிடம் சொல்லைத் திருத்துவது முறையல்ல. மேலும், தீராது என்பது வேறு, செயலிழக்காது என்பது வேறு. வனேடியம், பொட்டாசியம் உப்புகளோடு சேர்ந்து சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் உருகிய படலமாக நின்றால்தான் வேலை செய்யும். ஏறக்குறைய 400 டிகிரிக்குக் கீழே வந்தால் நான்கு இணைதிற வனேடியம் உப்பாகப் படிந்து வேகம் சட்டென்று விழும். இறந்ததுபோலத் தெரியும். சூடு கிடைத்தால் பெரும்பாலும் மீளும்.

முப்பதாண்டு_அனுபவம்
நீங்கள் புத்தகத்தில் படித்ததை நான் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

தருமபுரி_வேதியியல்
அள்ளும்போது முகமூடி போட்டீர்களா? அதைச் சொல்லுங்கள், இளையவர்களுக்குப் பயன்படும்.

மூன்றாம்_ஷிப்ட்
மன்னிக்கவும், சிம்னியடியில் இருந்தேன். கந்தகத்தை நிறுத்திவிட்டோம். வெண்புகை இல்லை, நெடி மட்டும். அமிலம் 98 சதவீதம். நுழைவில் 410, வெளியே 370 காட்டுகிறது. சொல்ல மறந்துவிட்டேன்: நான்கு நாளும் முதல் அடுக்கைச் சலித்துத் தூசி எடுத்தோம். டீசல் செலவு என்று சூடேற்றுவதை ஆறு மணி நேரத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். இன்னொன்று, சலித்த பையனின் நாக்கு பச்சையாக இருக்கிறது. வெற்றிலை போடும் பழக்கம்கூட இல்லை.

சூளகிரி_ஃபிட்டர்
இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! 410 என்பது குழாயின் சூடு, அடுக்கின் சூடு அல்ல. வெளியே 370 என்றால் உள்ளே பாதி இன்னும் உறங்குகிறது. உலர்ந்த சூடான காற்றை மட்டும் விட்டு, அடுக்கு முழுவதும் 420 தாண்டிய பிறகு கந்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பிடித்துவிட்டால் அதுவே சூட்டைத் தரும், 600ஐ ஒட்டி வெளியேறும். அதற்கு மேல் ஓடவிடாதீர்கள், அப்போதுதான் உண்மையிலேயே கெடும்.

தருமபுரி_வேதியியல்
பச்சை நாக்கு வனேடியத் தூசி உள்ளே போனதன் அடையாளம். நிறம் தானாக மறையும், ஆனால் அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். இருமல், இழுப்பு இருக்கிறதா? காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், என்ன தூசி என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். துண்டு கட்டிக்கொண்டு சலிக்க வைத்தவர்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

முப்பதாண்டு_அனுபவம்
இதில் அவர் சொல்வது சரி. என்னோடு வேலை பார்த்த இருவருக்கு இன்றும் மூச்சிரைப்பு இருக்கிறது.

மூன்றாம்_ஷிப்ட் (மறுநாள் மாலை 4.15)
பதினொரு மணி நேரம் சூடேற்றினோம். 425இல் கந்தகம் விட்டோம். இப்போது வெளியே 595. நெடி இல்லை. பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன்.