இழை: நாள் தள்ளிப் போயிருக்கிறது, ஆனால் கர்ப்பமில்லை. இதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர் (திங்கள், காலை 9:40)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மகளிர் நலப் புறநோயாளிப் பிரிவில் கொடுப்பதற்கான நான்கு பக்கத் துண்டறிக்கை. வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் முடிந்தது, தலைப்பு மட்டும் நிற்கிறது. பொருள் இது: சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தோ, ஓட்டம் ஜிம் என்று பயிற்சியைக் கூட்டியோ எடை மளமளவென்று இறங்கிய பெண்ணுக்கு மாதவிடாய் வராமல் போகிறது. கருப்பையிலும் சினைப்பையிலும் பழுது எதுவும் இல்லை. மருத்துவர்கள் ஃபங்ஷனல் ஹைப்போதலாமிக் அமெனோரியா என்கிறார்கள்.

'மாதவிடாய் நிறுத்தம்' என்று போட்டால் நடுவயதில் நிரந்தரமாக நிற்பதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். 'நாள் தள்ளிப் போதல்' என்றால் வாழ்த்துச் சொல்லிச் சர்க்கரையை வாயில் போட்டுவிடுவார்கள். அகராதிகளில் கிடைப்பவை மாதவிலக்கின்மை, மாதவிடாயின்மை, சூதகத்தடை. மூன்றிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. பெட்டியில் இரண்டு வரிக்குத்தான் இடம், வரிக்கு 20 எழுத்து.

புலவர் (திங்கள், காலை 11:15)

அன்புள்ள தம்பிக்கு,

'பூப்பு' இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? இன்று பூப்பு என்றால் பெண் முதன்முதலில் பெரியவளாவது என்று குறுக்கிவிட்டோம். தொல்காப்பியர் கற்பியலில் 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்' என்கிறாரே, அது திருமணமான தலைவிக்கு மாதந்தோறும் வருவது. ஆகவே பூப்பு என்பது மாதவிடாய்க்கு முழு உரிமையுள்ள சொல்.

'விலக்கு' என்பது நிகழ்வின் பெயரன்று, நிகழ்வுக்காகப் பெண்ணுக்கு நாம் செய்தது. 'கலந்தொடா மகளிர்', அதாவது பாத்திரம் தொடாமல் விலகி நின்ற பெண்கள், என்று புறநானூறு 299 காட்டுவதும் அதைத்தான். அப்படியிருக்க 'மாதவிலக்கின்மை' என்றால் ஒதுக்கி வைக்காமை என்றல்லவா பொருள்? நோய்க்குப் பெயர் வைக்கப் போய்ச் சீர்திருத்தத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெனோரியாவின் கிரேக்க மூலத்தைப் பின்பற்ற வேண்டுமென்றால், 'மென்' மாதம், 'ரோயா' ஒழுக்கு, முன்னால் நிற்கும் 'அ' இன்மை. நம் திங்களும் மாதம், நிலவு இரண்டையும் குறிப்பது. எனவே: திங்களொழுக்கின்மை.

பொறியாளர் (திங்கள், காலை 11:22)

ஐயா, 'ஒழுக்கின்மை' என்று தலைப்பிட்ட தாளை எந்தப் பெண்ணும் கையால் வாங்க மாட்டார். வாங்கினாலும் வீட்டில் காட்ட மாட்டார்.

புலவர் (திங்கள், காலை 11:50)

ஒழுக்கு வேறு, ஒழுக்கம் வேறு. 'ஒழுக்கு' என்று கூரை ஒழுகுவதைச் சொல்கிறோமே.

பொறியாளர் (திங்கள், காலை 11:53)

கூரையும் வேண்டாம் ஐயா.

மகளிர் மருத்துவர் (திங்கள், இரவு 10:30)

சொல்லுக்கு முன் பொருளைச் சரிபார்ப்போம். 'மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது' என்று தம்பியின் வரைவில் இருக்கிறது. சொட்டு அல்ல, துடிப்பு. சுழற்சியின் முற்பாதியில் ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. வரும் உணவு செலவுக்குப் போதவில்லை, கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் இறங்கிவிட்டது என்று மூளைக்குத் தெரிந்ததும் துடிப்பு மந்தமாகிறது. அதற்குக் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும், முட்டையை முதிர்க்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் குறைகின்றன. முட்டை முதிர்வதில்லை, ஈஸ்ட்ரோஜன் ஏறுவதில்லை, கருப்பையின் உட்படலம் தடிப்பதில்லை. தடிக்காத படலம் எதை உதிர்க்கும்?

ஆகவே 'தடை' பொருந்தாது. வழி அடைபட்டு உதிரம் உள்ளே தேங்கும் நிலை ஒன்று தனியாகவே இருக்கிறது, பிறவியிலேயே கன்னிச்சவ்வில் துளை இல்லாத பெண்களுக்கு. அதற்குத்தான் தடை சரி. இங்கே 'தடை' என்று எழுதினால், 'கெட்ட ரத்தம் உள்ளே கட்டிக்கொண்டது, எள்ளும் பப்பாளியும் தின்று இறக்கு' என்ற பேச்சுக்கு நாமே அச்சடித்துக் கொடுத்ததாகும்.

'எடை' என்ற சொல்லும் தலைப்பில் வர வேண்டாம். பருமனும், சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ்ஸும் சேர்ந்த பெண்ணுக்கு 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே நின்ற மாதவிடாய் திரும்புவதுண்டு. 'எடையிழப்பு மாதவிடாய் நிறுத்தம்' என்று படித்தால் அவர் நடையை விட்டுவிடுவார். மறுபக்கம், உயரத்துக்கேற்ற எடையில் இருக்கும் பெண்ணுக்கும் இது வரும். எடை முள்ளைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடாது.

'இன்மை'யிலும் ஆபத்து உண்டு. குணமாகும்போது முதலில் முட்டை வெளியாகும், அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உதிரம். 'இன்மை' என்று நம்பிக் கருத்தடையை விட்டவர் ஒரு மாதவிடாயைக்கூடப் பார்க்காமலே கருத்தரிக்கலாம்.

உணவியலாளர் (செவ்வாய், காலை 8:05)

டாக்டரம்மா சொல்வதோடு ஒன்று. துறையில் இப்போது பேசுவது எடையை அல்ல, செலவு போக மிஞ்சும் ஆற்றலை. சாப்பிட்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுப்பது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 இருந்தால் நல்லது. ஆய்வகத்தில் 30-க்குக் கீழே இறக்கியபோது ஐந்தே நாளில் எல்எச் துடிப்பு குலைந்தது. 30 எல்லோருக்கும் பொதுவான கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும்.

55 கிலோ, அதில் கொழுப்பு கால் பங்கு என்றால் மீதி 41 கிலோ. 45-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,850 கலோரி, 30-ஆல் 1,230. அவர் 1,500 சாப்பிட்டுவிட்டு ஓட்டத்தில் 450 செலவழித்தால் மிச்சம் 1,050. வகுத்தால் 26-க்கும் கீழே. மூன்று வேளையும் தட்டு நிறைந்துதான் இருந்திருக்கும்!

அதனால் 'ஆற்றல்' என்று தலைப்பில் போட ஆசை. ஆனால் 'ஆற்றல் போதாமை' என்றால் 'எனக்கு எனர்ஜியே இல்லை' என்பதாகப் புரிந்துகொண்டு டானிக் கேட்பார்கள். 'பட்டினி' என்றால், 'நான் நல்லாத்தானே சாப்பிடுறேன்' என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். 'உணவு போதாமை' நடுவில் நிற்கிறது.

யாழ்ப்பாண விரிவுரையாளர் (செவ்வாய், மாலை 4:10)

'ஃபங்ஷனல்' என்பதைச் 'செயற்பாட்டு' என்று பெயர்ப்பதில் பயனில்லை. 'செயற்பாட்டு மாதவிடாயின்மை' என்றால் எது செயற்படுகிறது என்று மாணவர் கேட்பர். உறுப்பில் பழுதில்லை என்பதே அதன் கருத்து.

இன்னொன்று. இலங்கைப் பாடநூல்களில் பிட்யூட்டரிக்குக் கபச்சுரப்பி என்பதே வழக்கு. 'பிட்டூயிற்றா' என்றால் இலத்தீனில் சளி. மூளையின் கழிவு அதன் வழியே சளியாக இறங்குகிறது என்று முன்னோர் தவறாக நம்பிய காலத்துப் பெயர் அது. நாங்களும் அந்தத் தவறையே பெயர்த்துக் கபம் என்று வைத்தோம். ஒரு பிள்ளையும் குழம்பியதில்லை. ஹோர்மோன்களின் தலைமைச் சுரப்பி என்று படித்துவிட்டுப் போகிறார்கள். சொல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இல்லை, நிலைத்தால் போதும். மருத்துவர் அக்காவின் 'தடை' மறுப்பை அதனால்தான் நான் முழுதாக ஏற்கவில்லை.

புலவர் (செவ்வாய், மாலை 5:30)

அருமை. அப்படியானால் தாலமஸ்? கிரேக்கத்தில் உள்ளறை, மணவறை. ஹைப்போ என்றால் கீழ். நமக்கு 'உவளகம்' இருக்கிறது, அந்தப்புரம் என்று பொருள். ஹைப்போதலாமஸ் = கீழுவளகம். நோய் = கீழுவளகப் பூப்பின்மை!

'மாதவிடாய்' பற்றியும் ஒரு சொல். மாதம் தவறாமல், விடாமல் வருவதால் விடாய் என்று ஒரு விளக்கம் உலவுகிறது, நம்ப வேண்டாம். விடாய் என்றால் களைப்பு, தாகம். மாதந்தோறும் வரும் சோர்வு.

பொறியாளர் (செவ்வாய், மாலை 5:41)

கீழுவளகம் நுழைந்தால் பெட்டி போதாது. அச்சு வெள்ளிக்கிழமை.

மகளிர் மருத்துவர் (செவ்வாய், இரவு 11:05)

யாழ்ப்பாணத் தம்பிக்கு: கபச்சுரப்பியை நோயாளி வீட்டில் வைத்தியம் பார்ப்பதில்லை, மாதவிடாயைப் பார்க்கிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

துண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். தலைப்பைவிட அங்கே பெரிய பிழை. 'மாத்திரை எடுத்தால் மாதவிடாய் திரும்பும்' என்று இருக்கிறது. கருத்தடை மாத்திரையை நிறுத்தும் வாரத்தில் வருவது மாதவிடாய் அல்ல, மாத்திரை ஹார்மோன் இறங்கியதால் உதிர்வது. மாதாமாதம் பார்த்துவிட்டுக் குணமானதாக நினைப்பார்கள், ஈஸ்ட்ரோஜன் குறைவால் எலும்பு தேய்ந்துகொண்டே இருக்கும். மாதவிடாயை வரவழைக்க என்றோ எலும்புக்காக என்றோ மட்டும் அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்பதே 2017-இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல். அதற்குத் தனிச் சொல்லே வேண்டும்: 'மாத்திரை உதிரம்'.

பரிசோதனைப் பத்தியை இப்படி மாற்றுங்கள்: 'முன்பு ஒழுங்காக வந்து 3 மாதம் வராவிட்டால், அல்லது முன்பே ஒழுங்கில்லாமல் வந்து 6 மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு இரத்தத்தில் டிஎஸ்எச், புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன். 6 மாதத்துக்கு மேல் வராதிருந்தால் எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும்.'

மருத்துவருக்கான பின் பக்கத்தில் ஒரு வரி கட்டாயம். ஸ்கேனில் சினைப்பையில் சிறு கொப்புளங்கள் நிறையத் தெரிவது இவர்களிடமும் உண்டு. அதை மட்டும் பார்த்துப் பிசிஓஎஸ் என்று எழுதி, 'எடையைக் குறை' என்று அனுப்பிவிட்டால், எது காரணமோ அதையே மருந்தாகக் கொடுத்ததாகும். முகத்தில் முடி, ஆண் ஹார்மோன் கூடுதல் எதுவும் இல்லாமல், எல்எச்சும் எஸ்ட்ரடையாலும் தாழ்ந்திருந்தால் முதலில் சாப்பாட்டைக் கேட்க வேண்டும்.

தொகுப்பாளர் (புதன், காலை 7:20)

எல்லோரும் பெயர்ச்சொல்லிலேயே தேடுகிறோம். துணைவினையைப் பாருங்கள். 'நின்றுபோச்சு', 'நின்றுவிட்டது' இரண்டும் முடிந்த கதை. 'விடு', 'போ' இரண்டுமே கதவைச் சாத்துபவை. ஆனால் 'நின்றிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். மழை நின்றிருக்கிறது, அதற்குள் கடைக்குப் போய் வந்துவிடு என்கிறோம். திரும்பவும் வரும் என்பது 'இரு'வுக்குள்ளேயே இருக்கிறது. இயந்திரம் பழுதில்லை, ஓட்டம் மட்டும் நின்றிருக்கிறது.

என் முன்மொழிவு: உணவு போதாமல் மாதவிடாய் நின்றிருத்தல்.

'இடைநிற்றல்' என்றும் யோசித்தேன். பள்ளிக் கல்வியில் படிப்பை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தாயிற்று.

உணவியலாளர் (புதன், காலை 9:00)

எனக்குச் சம்மதம். 'நின்றிருத்தல்' என்று சொன்னால், எப்போது திரும்பும் என்ற கேள்வி தானாக வரும், பதிலும் சொல்லலாம். நாளுக்கு 300 முதல் 600 கலோரி கூட்டுவதும் பயிற்சியைக் குறைப்பதும் முதல் படி. 30 கிராம் நிலக்கடலை, ஒரு தம்ளர் பால், சோற்றில் இரண்டு தேக்கரண்டி நெய் சேர்ந்தாலே 380 பக்கம் வந்துவிடும். திரும்ப மாதங்கள் ஆகும். பசியின்மை உளநோயில் நின்ற வளரிளம் பெண்களுக்கு, நின்றபோது இருந்த எடையைவிட 2 கிலோ போலக் கூடுதலாகத் தேவைப்பட்டது என்ற கணக்கும் உண்டு. மயக்கம் வருபவர், நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போனவர், பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதவர் வீட்டில் திடீரென்று கூட்டக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கிவிடும். அவர்களுக்கு மருத்துவமனைதான்.

புலவர் (புதன், மாலை 6:45)

'நின்றிருத்தல்' கலைச்சொல் அன்று, வாக்கியத்தின் வால். அதிலிருந்து பெயரடை எப்படிப் பிறக்கும்? 'நின்றிருத்தலியம்' என்பீர்களோ?

வேண்டுமென்றால் 'பூப்பொடுக்கம்' எடுத்துக்கொள்ளுங்கள். சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே 'தோற்றிய திதியே ஒடுங்கி' என்று வருகிறது. ஒடுங்கியது அழிந்ததன்று, மறுபடி தோன்றும். தொகுப்பாளர் தேடும் 'இரு' ஒடுக்கத்துக்குள் ஏற்கனவே இருக்கிறது. ஏழே எழுத்து.

பொறியாளர் (புதன், மாலை 7:02)

இன்றைய காதுக்கு ஒடுக்கம் என்றால் அடக்குமுறை ஐயா. சித்தாந்த வகுப்பில் சரி, மருந்தகத்தில் சரிவராது.

மொழிபெயர்ப்பாளர் (வியாழன், மாலை 3:15)

எண்ணிப் பார்த்தேன். 'நின்றிருத்தல்' 5, 'பூப்பொடுக்கம்' 1, 'மாதவிடாயின்மை போதும், விடுங்கள்' 2. அமெனோரியாவை அப்படியே எழுதச் சொல்லி ஒருவர் தனிமடலில். பெட்டியில் போவது:

உணவு போதாமல்
மாதவிடாய் நின்றிருத்தல்

அடியில் சிறிய எழுத்தில்: 'கர்ப்பமல்ல, நிரந்தர நிறுத்தமுமல்ல. ஆனால் கருத்தடையை விட வேண்டாம்.' மூன்றாம் பக்கம் 'மாத்திரை உதிரம்' என்று மாறிவிட்டது. உள்ளே 'உணவு போதாமை' என்று நான்கு இடத்தில் வருகிறது.

மகளிர் மருத்துவர் (வியாழன், இரவு 9:50)

போகட்டும். எடையைப் பற்றித் தலைப்பில் எதுவும் இல்லாததே எனக்குப் போதும்.

புலவர் (வியாழன், இரவு 10:20)

என் மறுப்பைத் தொகுப்பில் பதிந்துகொள்ளவும். நிற்க, 'உணவுப் போதாமை' என்று ஒற்று மிகுமா, மிகாதா?

தொகுப்பாளர் (வியாழன், இரவு 10:24)

மிகாது ஐயா. உணவு போதாது, எழுவாய்த் தொடர். 'உணவுப் பற்றாக்குறை'யில்தான் மிகும்.

புலவர் (வியாழன், இரவு 10:31)

'உணவினது போதாமை' என்று வேற்றுமையாக விரித்தால்?