ரோட்டரி எஞ்சின் ஏன் சாதாரண கார்களுக்கு வரவே இல்லை?

நெம்புகோல்:
வாங்கெல் ரோட்டரியில் மேலும் கீழும் குதிக்கிற பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, வால்வைத் திறக்கிற கேம் கிடையாது. உள்ளே சுழல்கிற இரண்டு முக்கோண ரோட்டர், ஒரு தண்டு, அவ்வளவுதான். வெறும் 1.3 லிட்டரில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கிட்டத்தட்ட 230 குதிரைத்திறன் தந்தது. 1991இல் மாஸ்டா 787பி லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தையே ஜெயித்தது. இவ்வளவு நல்ல சரக்கு ஆல்ட்டோ, வேகன்-ஆர் மாதிரி வண்டிகளில் ஏன் இல்லை? எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்கிறார். உண்மையா?

அரைக்கிளட்ச்:
இது குடிக்கிற பெட்ரோலுக்கு எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் மாலை போட்டுத்தான் வரவேற்றிருப்பார்கள் சார்.

முதலில் அந்த 1.3 லிட்டர் கணக்கு. ரோட்டருக்கும் சுவருக்கும் இடையில் ஒரு அறை 654 சிசி, இரண்டு ரோட்டர், ஆக 1308 சிசி என்று போடுகிறார்கள். ஆனால் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். அதனால் நேர்மையாக ஒப்பிட்டால் இதை 2.6 லிட்டர் எஞ்சினோடுதான் நிறுத்த வேண்டும். 2.6 லிட்டரில் 230 என்றால் பெரிய அதிசயம் இல்லை.

மைலேஜ் போவது அறையின் வடிவத்தால். வெடிக்கிற நேரத்தில் பிஸ்டன் எஞ்சினில் பெட்ரோல்-காற்றுக் கலவை கொழுக்கட்டை மாதிரி உருண்டு திரண்டு இருக்கும். ரோட்டரியில் அது 80 மி.மீ. அகலத்துக்குத் தோசை மாதிரிப் பரந்து, மெலிந்து, நகர்ந்துகொண்டும் இருக்கும். சுவர்ப்பரப்பு அதிகம், எனவே சூடு சுவருக்குப் போய்விடுகிறது. தீ பின்மூலை வரை எட்டுவதற்கு முன்பே புகைவழி திறந்துவிடும். எரியாத பெட்ரோல் வெளியே போகும். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் வைத்ததே இதற்காகத்தான், அப்படியும் முழுதாகத் தீரவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்த வருடமே தன் ரோட்டரித் திட்டத்தை மூட்டை கட்டியது. ஐரோப்பாவில் ஆர்எக்ஸ்-8 விற்பனை 2010இல் நின்றதும் புகை விதிகளால்தான்.

ஸ்பேனர்_செட்:
மேலே சொன்னது சரி. ஆனால் பட்டறைப் பக்கம் இருந்து பார்த்தால் வில்லன் சீல்தான், அதாவது அறையிலிருந்து வாயு கசியாமல் அடைக்கிற பட்டை.

பிஸ்டன் எஞ்சினில் அந்த வேலையைச் செய்கிற பிஸ்டன் ரிங் வட்டமானது, எப்போதும் சிலிண்டர் சுவரோடு ஒரே கோணத்தில் உட்கார்ந்திருக்கும், கீழிருந்து ஆயிலும் கிடைக்கும். ரோட்டர் முனையில் இருக்கிற சீல் 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு பட்டை. ஒற்றைக் கோட்டில் சுவரை உரசுகிறது, போகப்போகச் சாயும் கோணமும் மாறுகிறது. ஆயிலைத் தனி பம்ப் வைத்து அறைக்குள்ளேயே சொட்டவிட்டு எரிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ரோட்டரி ஆயில் குடிப்பது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. "ஆயில் குறையுது" என்று பம்பை அடைத்துவைத்தால் எஞ்சின் காலி.

1967இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனி விட்ட ரோட்டரி கார் ரோ 80 இதற்குச் சரியான சாட்சி. அடுத்த வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. சீல் தேய்ந்து வாரண்டியில் எஞ்சின் மாற்றி மாற்றியே கம்பெனி ஓய்ந்தது; 1969இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய்விட்டது. சில உரிமையாளர்கள் வெறுத்துப்போய் ஃபோர்டு வி4 எஞ்சினைத் தூக்கி மாட்டிக்கொண்டார்கள்.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் பார்ப்பவர்கள் கம்ப்ரஷன் (அறைக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற அளவு) பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சாதாரண கேஜ் ஏமாற்றும்: ஒரு ரோட்டருக்கு மூன்று அறை, கேஜில் இருக்கும் சின்ன வால்வு மூன்றில் பெரிய அளவை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். ரோட்டரி டெஸ்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அந்த வால்வைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சூடாக்கி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி கிராங்க் செய்து (ஸ்டார்ட்டரால் சுற்றவைத்து) கேஜ் முள் துள்ளுவதைப் பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு பலவீனம், ஒன்று வலுவு என்றால் ஒரு முனை சீல் போய்விட்டது. ஒரே சீல்தான் பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைக்கும் நடுச்சுவர். டெஸ்டரில் 250 ஆர்பிஎம்முக்கு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்கிற செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

இன்னொன்று: குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, கேட்டுக்கு வெளியே நகர்த்தி, உடனே அணைக்காதீர்கள். பெட்ரோல் ஆயிலைக் கழுவிவிடும், மறுபடி பிடிக்காது. பிடிக்கவில்லை என்றால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து கிராங்க் செய்யுங்கள், பெட்ரோல் வருவது நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்தி, துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி முயலுங்கள்.

நெம்புகோல்:
நன்றி அண்ணா. விமானம் மாதிரி டர்பைன் எஞ்சினில் ஓடிய கிரைஸ்லர் காருக்கும் இதே கதியா? அதில் உரசுகிற சீல் தொல்லை இல்லையே?

அரைக்கிளட்ச்:
அங்கே வேறு வியாதி. 1963இலிருந்து 50 கார்களைப் பொதுமக்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் ஊற்றலாம். அன்றைய ஈயம் கலந்த பெட்ரோல்தான் ஆகாது, உள்ளே படிந்துவிடும். சிக்னலில் சும்மா நிற்கும்போதே 20,000 ஆர்பிஎம் பக்கம் சுற்றும், எரிபொருள் கரையும். மிதித்தால் ஒரு நொடிக்கு மேல் யோசித்துவிட்டுத்தான் பாயும். விமானம் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் பறக்கிறது, அதற்கு டர்பைன் சரி. நம் கார் நின்று நின்று போவது.

ஸ்பேனர்_செட்:
அதனால்தான் மாஸ்டா 2023இல் மின்மோட்டாரில் ஓடும் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரியைச் சக்கரத்தோடு இணைக்கவே இல்லை. 830 சிசி ஒற்றை ரோட்டர், வேலை ஜெனரேட்டரைச் சுற்றுவது மட்டும். முனை சீலையும் 2.5 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள். ஆயில் மட்டும் இன்னும் குடிக்கும்.