உறையூர் வீடு (குடும்பம் மட்டும்)

செவ்வாய், காலை 6:52

சுந்தரம்: எல்லாருக்கும் வணக்கம். பில்டர் வெள்ளிக்கிழமை சாவி கேக்கறார். நாளைக்கு காலைல 10 மணிக்கு காயலான் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். பரண்ல இருக்கறதுல யாருக்கு என்ன வேணும்னு இன்னைக்கே சொல்லிடுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ராஜி: (5 படங்கள்)

ராஜி: பித்தளை அண்டா ரெண்டு, கொலுப்படி, தையல் மிஷின், மாமாவோட ட்ரங்க் பெட்டி, கண்ணன் தம்பி கம்ப்யூட்டர்

மீனா: அண்டா எனக்கு. அம்மா அப்பவே சொல்லியிருக்காங்க

ராஜி: எந்த அண்டா மீனா? பெரிசா சின்னதா?

மீனா: ரெண்டும்தான்

கண்ணன்: அண்ணி, கம்ப்யூட்டரை மட்டும் குடுத்துடாதீங்க.

சேகர்: ஓடுமா மாப்ள அது?

சேகர்: இரும்பு விலை நல்லா இருக்கு இப்ப

கண்ணன்: ஓடுதோ ஓடலையோ, எடைக்குப் போடற பொருள் இல்ல மாமா.

சுந்தரம்: டூப்ளிகேட் மெஷின்தானேடா. அப்பாவே சொல்வார், கம்பெனி பேரே இல்லாத பொட்டின்னு.

கண்ணன்: அப்பா சொன்னது தப்புண்ணே. அன்னைக்கும் சொன்னேன், கேக்கல. நம்மது ஐபிஎம் கம்ப்யூட்டர் மாதிரியே ஓடறதுக்கு வேற ஆளுங்க செஞ்ச மெஷின், குளோன்னு பேரு. இப்ப எழுதறேன், பொறுமையா படிங்க.

பிரபு: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

திவ்யா: நான் பாத்துட்டேன் பிரபு 😄

காலை 7:31

கண்ணன்: 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐபிஎம் தங்களோட பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டாங்க. மாடல் 5150. ஃப்ளோரிடாவுல போகா ரேட்டன்ங்கற ஊர்ல டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமைல ஒரு சின்ன அணி, ஏறக்குறைய ஒரு வருஷத்துல முடிச்சது. அவ்வளவு அவசரத்துல எல்லாத்தையும் சொந்தமா செய்ய முடியுமா? வெளியில கிடைக்கற பாகங்களை வாங்கிக் கோத்தாங்க. பிராசசர் இன்டெல் 8088. டாஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட்டோடது, அதை வேற கம்பெனிக்கும் விக்கற உரிமையை மைக்ரோசாஃப்ட் கையிலயே வச்சுக்கிட்டாங்க. கடைசில ஐபிஎம்முக்கே சொந்தம்னு முக்கியமா உள்ள இருந்தது பயாஸ்ங்கற புரோகிராம்தான். வெறும் 8 கேபி. சுவிட்ச் போட்டதும் முதல்ல ஓடறது அதுதான். கீபோர்டு, திரை, ஃப்ளாப்பி எல்லாத்தையும் டாஸோட சேத்து வைக்கறதும் அதுதான்.

மீனா: சின்ன அண்டா போட்டோல அடியில கறுப்பா தெரியுதே அண்ணி

ராஜி: ஈயம் போயிருக்கு. பூசினா சரியாயிடும்

கண்ணன்: இன்னொன்னும் செஞ்சாங்க. டெக்னிக்கல் ரெஃபரன்ஸ்னு ஒரு புத்தகம் போட்டு, சர்க்யூட் படம், பயாஸோட முழு புரோகிராம், எல்லாத்தையும் அச்சடிச்சு வித்தாங்க. யார் வேணா வாங்கிப் படிக்கலாம். ஆனா காப்பிரைட் ஐபிஎம்மோடது. படிச்சவன் கை வச்சு எழுதினா காப்பின்னு கேஸ் வரும். ஈகிள், கொரோனான்னு ரெண்டு கம்பெனி மேல 1984-ல அப்படித்தான் கேஸ் போட்டாங்க. ரெண்டு பேரும் அந்த பயாஸை விட்டுட வேண்டியதாச்சு.

சேகர்: அப்ப டூப்ளிகேட்தானே? நீயே சொல்ற

கண்ணன்: அது அவங்க மாமா. காம்பேக்ங்கற கம்பெனி கதை வேற. ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ, மூணு பேரும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல வேலை பாத்தவங்க. 1982-ல வெளிய வந்து ஹூஸ்டன்ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. பயாஸைப் படிச்சவங்க அது என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதிக் குடுத்தாங்க. அந்த புரோகிராமைக் கண்ணால பாக்காத வேற ஆளுங்க அந்தக் குறிப்பை வச்சு முதல்லேர்ந்து எழுதினாங்க. அம்மா வத்தக்குழம்பைச் சாப்பிட்ட ஒருத்தர் ருசி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லணும், அம்மாவோட சமையல் நோட்டைப் பாக்காத இன்னொருத்தர் அந்த ருசி வர்ற வரைக்கும் தானா வச்சுப் பாக்கணும். அதுல திருட்டு எங்க இருக்கு?

மீனா: அம்மா சமையல் நோட்டு யார்கிட்ட இருக்கு?

ராஜி: எங்கிட்ட இல்ல

மீனா: பச்சை அட்டை போட்டது. கடைசியா உங்க ரூம் அலமாரில பாத்தேன்

ராஜி: பத்து வருஷமா இதையேதான் சொல்ற மீனா

திவ்யா: அம்மா இப்ப வேண்டாம்

கண்ணன்: 1983-ல காம்பேக் போர்ட்டபிள் கடைக்கு வந்துச்சு. 13 கிலோ கிட்ட எடை, தையல் மிஷின் பொட்டி மாதிரி கைப்பிடி. முதல் வருஷமே 53,000 வித்துச்சு. 1984-ல ஃபீனிக்ஸ்னு ஒரு கம்பெனி இதே முறைல பயாஸ் எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் விக்க ஆரம்பிச்சாங்க. 8088-ஐயே தொடாத ஆளைத் தேடிப் பிடிச்சு எழுத வச்சாங்கன்னா பாத்துக்கோங்க. அதுக்கப்புறம் தைவான்ல போர்டு, எங்கேயோ ஒரு கேபினட், ரிச்சி தெருவுல ஸ்க்ரூடிரைவரோட ஒரு பையன், அவ்வளவுதான் வேணும். ஐபிஎம் 1978-லயே இந்தியாவை விட்டுப் போயிட்டான். அவன் பொட்டிதான் வேணும்னு உக்காந்திருந்தா நம்ம வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்திருக்கவே வந்திருக்காது.

சுந்தரம்: வந்தது யார் காசுலன்னும் எழுது

கண்ணன்: அண்ணே, நீங்க சவுதில இருந்து அனுப்பின காசுதான். நான் எங்கேயும் மறைக்கல.

சுந்தரம்: பின் ரூம் கட்ட அனுப்பினது. அந்த ரூம் இடிக்கப் போற இன்னைக்கு வரைக்கும் ஷீட்டுதான்.

ராஜி: விடுங்களேன்

மீனா: அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர்ல கத்துக்கிட்டுதான் அவன் வேலைக்குப் போனான். அம்மா ஆஸ்பத்திரி செலவு பாதி அவன்தான் பாத்தான்

சுந்தரம்: நான் இல்லன்னு சொல்லலயே

காலை 8:05

பிரபு: சித்தப்பா, அந்த டர்போ பட்டன் இருக்கற பொட்டிதானே இது?

கண்ணன்: அதேதான்டா! ஐபிஎம்மோடது 4.77 மெகாஹெர்ட்ஸ். நம்மது 10. சில பழைய கேம் பிராசசர் வேகத்தை நம்பித்தான் எழுதியிருப்பாங்க, 10-ல ஓடவிட்டா கண்ணு பாக்கறதுக்குள்ள செத்துருவோம். அதுக்குத்தான் அந்த பட்டன், வேகத்தை இறக்கி ஐபிஎம் மாதிரியே ஓட வைக்க. அசலைவிட வேகமா ஓடினதால அசலுக்காகத் தன்னை மெதுவாக்கிக்கிட்ட மெஷின்டா அது. அண்ணன் அதை டூப்ளிகேட்னு சொல்றப்ப எனக்கு மனசு கேக்கல.

பிரபு: நான் காலேஜ்ல ஹாக்கின்டோஷ் போட்டேனே, அதுவும் இதுவும் ஒண்ணா?

கண்ணன்: இல்லடா. நீ ஹார்டுவேரை சொந்தமா சேத்த, அது சரி. மேல ஓடினது ஆப்பிளோட சிஸ்டம் அப்படியே, ஆப்பிள் மெஷின்ல மட்டும்தான் போடணும்னு லைசென்ஸ்லயே இருக்கு. அதையே சைஸ்டார்னு ஒருத்தன் கடை வச்சு வித்து கோர்ட்ல தோத்தான். அதுக்கு ரொம்ப முன்னாடி ஃபிராங்க்ளின்னு ஒரு கம்பெனி ஆப்பிள் 2-வை அப்படியே செஞ்சாங்க. ராமைத் திறந்து பாத்தா ஆப்பிள் புரோகிராமர் ஒருத்தர் பேரும் ஆப்பிள்சாஃப்ட்ங்கற பேரும் உள்ளயே இருக்கு, அழிக்கக்கூட இல்ல. 1983-ல அப்பீல் கோர்ட்டு ராம்ல இருக்கற புரோகிராமுக்கும் காப்பிரைட் உண்டுன்னு சொல்லிடுச்சு. நம்ம பொட்டில இருக்கற பயாஸ் ஒருத்தன் உக்காந்து எழுதினது. நான் மதிக்கறது அந்த உழைப்பைத்தான்.

திவ்யா: ராம்னா மெமரிதானே மாமா? அதுல எப்படிப் பேர் இருக்கும்?

கண்ணன்: ரோம் மா, ரோம்! கரன்ட் போனாலும் அழியாதது. போன் தானா மாத்திடுச்சு.

சேகர்: ரஷ்யாவுலயும் இப்படிச் செஞ்சாங்கன்னு சொல்வியே, அது என்ன? உழைப்பா திருட்டா?

கண்ணன்: ரெண்டும் மாமா. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம்னு இங்கிலாந்துல 1982-ல வந்த சின்ன கம்ப்யூட்டர். விலை குறைவா இருக்கணும்னு பாதி வேலையை ஃபெர்ரான்டி செஞ்சு குடுத்த ஒரே சிப்புல அடைச்சுட்டாங்க. அந்த சிப் சோவியத்துல எங்க கிடைக்கும்? அதனால லெனின்கிராட்ல செர்கேய் ஸோனோவ்னு ஒரு எஞ்சினியர் அந்த சிப் செய்யற வேலையைச் சாதாரண லாஜிக் சிப்புகளை வச்சே செஞ்சு சர்க்யூட் போட்டார். அதைப் பாத்துப் பாத்து ஜனங்க வீட்டுல சமையல் மேஜைல உக்காந்து சால்டர் பண்ணாங்க. உள்ள போட்ட ரோம் சின்க்ளேரோடது, கேக்காம எடுத்தது, அதை நான் நியாயம்னு சொல்ல மாட்டேன். சர்க்யூட்டு அவங்க மூளை. அதை யாரும் அவங்ககிட்டேர்ந்து பிடுங்க முடியாது.

மீனா: இவர் ஏன் கேக்கறார் தெரியுமா. கம்ப்யூட்டர் வந்தா பேங்க்ல வேலை போயிடும்னு வாசல்ல நின்னு கோஷம் போட்டவர் இவர்

சேகர்: அது யூனியன் முடிவு மீனா. அன்னைக்கு அது நியாயமான பயம்தான்.

கண்ணன்: மாமா சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

காலை 8:40

திவ்யா: மாமா, நல்லவேளை பேச்சு வந்துச்சு. கவினுக்கு காலேஜ் சேர கம்ப்யூட்டர் வாங்கணும். லேப்டாப்பா, அசெம்பிள் பண்றதா?

கண்ணன்: ஹாஸ்டல்னா லேப்டாப். வீட்லேர்ந்து போறான்னா அசெம்பிள் பண்ணு, நானே கூட வரேன். போர்டு ஒருத்தன், ரேம் ஒருத்தன், பவர் சப்ளை ஒருத்தன், எதை எடுத்தாலும் பொருந்துதே, அதுக்குக் காரணமே இந்தக் குளோன்காரங்கதான். ஐபிஎம் 1987-ல பிஎஸ் 2-ன்னு புது மாடல் கொண்டாந்து, கார்டு சொருகற ஸ்லாட்டையே மாத்தி லைசென்ஸுக்குக் காசு கேட்டான். காம்பேக்கும் இன்னும் எட்டு கம்பெனியும் சேந்து அடுத்த வருஷமே வேற ஸ்லாட்டை அறிவிச்சாங்க. ஜனம் ஐபிஎம் பின்னாடி போகல. 2005-ல ஐபிஎம் பிசி வியாபாரத்தையே லெனோவாகிட்ட வித்துட்டான்.

திவ்யா: ஹாஸ்டலான்னு இன்னும் முடிவாகல

மீனா: ஹாஸ்டல் எதுக்கு? எங்க வீட்லேர்ந்து போகட்டும்

திவ்யா: அதை நேர்ல பேசலாம்மா

சுந்தரம்: கண்ணா, கதையெல்லாம் சரி. நாளைக்கு 10 மணிக்கு ஆள் வர்றான். என்ன பண்ணச் சொல்ற?

கண்ணன்: வியாழக்கிழமை ஓசூர்லேர்ந்து கார்ல வரேன்ணே. அதுவரைக்கும் திண்ணைல வேண்டாம், சாமி ரூம்ல வைங்க. பிரபு, நீ அங்கதானே இருக்க? மூணு விஷயம் கேட்டுக்கோ. ப்ளக்ல சொருகவே சொருகாதே, பவர் சப்ளைல இருக்கற கெபாசிட்டர் இத்தனை வருஷத்துல கெட்டிருக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். பின்னாடி ஸ்க்ரூவைக் கழட்டிப் பாரு, கடிகாரம் இருக்கற கார்டுல நீலமா உருளையா ஒரு பேட்டரி இருக்கும். அது கசிஞ்சு பச்சை பூத்திருந்தா பக்கத்துல போற செம்புத் தடத்தையெல்லாம் தின்னுடும். உடனே போட்டோ அனுப்பு. அப்புறம் போர்டுல ஒரு சிப்பு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்காதே.

பிரபு: ஏன்?

கண்ணன்: அதுதான் பயாஸ். ஈப்ராம் சிப்பு, ஸ்டிக்கருக்குக் கீழ சின்னதா கண்ணாடி ஜன்னல் இருக்கும். அந்த வழியா அல்ட்ரா வயலட் பட்டா எழுதினது அழிஞ்சிடும். வெயில்ல திறந்து வச்சா ஒரு வாரம் போதும்.

காலை 9:22

பிரபு: (2 படங்கள்)

பிரபு: பேட்டரி கொஞ்சம் பச்சையா இருக்கு சித்தப்பா. ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. பல்லி முட்டையும் இருக்கு

கண்ணன்: தடம் தப்பிச்சிருக்குடா! கார்டை மட்டும் மெதுவா நேரா மேல இழுத்துத் தனியா எடுத்து வை. பேட்டரியை நான் வந்து வெட்டி எடுக்கறேன். பச்சையைக் கையால தொடாதே.

ராஜி: சாமி ரூம்ல பல்லி முட்டையோட வைக்க முடியாது. கூடத்துல வைக்கறேன்

கண்ணன்: கூடம்னா சரி அண்ணி. மானிட்டரையும் கூடவே வைங்க, கண்ணாடி சுவர் பக்கமா இருக்கட்டும்.

ராஜி: மானிட்டர் பரண்ல இல்லையே தம்பி

சுந்தரம்: பின் ரூம்ல இருக்கும். பூட்டியிருக்கு. சாவி போன தடவை சேகர்கிட்ட குடுத்தேன்.

சேகர்: எங்கிட்டயா?

மீனா: பிரவுன் பேன்ட் பாக்கெட்ல பாருங்க

சேகர்: அது லாண்டரிக்குப் போயிருக்கு